செக்ரோல் மேசையைத் தாண்டி

இலங்கைத் தேயிலை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கணக்குக் காரியாலயங்களில் தமிழ்ப் பிள்ளைகளை வேலைக்குச் சேர்ப்பதே இல்லை என்று இன்று சொல்ல முடியாது. சேர்ந்தவர் எந்த மேசையில் உட்கார்கிறார், ஐந்து வருடம் கழித்தும் அதே மேசைதானா என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

தமிழ் தெரியும் என்பதால் செக்ரோல் (தோட்டத் தொழிலாளியின் அன்றாட வேலையைப் பதியும் பேரேடு), சம்பளப் பட்டியல், சில்லறைக் காசு எல்லாம் அவர் தலையில். வங்கிக் கணக்கிணக்கம் (வங்கிக் கூற்றை நம் கணக்கோடு ஒப்பிடுவது), மாத முடிவுச் சீராக்கங்கள், கணக்காய்வாளர் வந்தால் கூட உட்கார்ந்து பதில் சொல்வது எல்லாம் இன்னொருவருக்கு. கெட்ட எண்ணம் என்று எதுவும் வேண்டியதில்லை. தொழிலாளியோடு பேச ஒரு ஆள் தேவை, பேசத் தெரிந்தவரை அங்கே போட்டாயிற்று, அவ்வளவுதான். ஆனால் பதவி உயர்வுக்கான நேர்முகத்தில் கேட்பது பரீட்சை மீதியை (பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியலை)ப் பற்றி. செக்ரோலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் செக்ரோல் லேசான வேலை அல்ல. நாளுக்கு விதித்த அளவு தேயிலைக் கொழுந்து நிறைந்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். கொழும்பிலிருந்து வந்த பயிலுநர் அரைப்பேரை அரைநாள் லீவு என்று எடுத்துக்கொண்டால், நாள் முழுக்க மலையில் நின்ற பெண் கணக்கில் மத்தியானமே வீட்டுக்குப் போனவளாகிவிடுவாள். இந்த நுணுக்கம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது அந்த ஒருவருக்கும் நல்லதல்ல, காரியாலயத்துக்கும் நல்லதல்ல.

சம்பள நாளைப் பாருங்கள். சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில் அச்சாகிறது; வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு தமிழ் பேசுபவரிடம் வருவார். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானபோது கேள்விகள் இன்னும் கூடின. அந்தக் கணக்கில் 25 நாளுக்கு 33,750 ரூபா. அதில் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,700 ரூபா, கழியும். தொழில்தருநர் போடும் 12 வீதம் 4,050 ரூபா, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் 1,012 ரூபா 50 சதம். பின்னவை இரண்டும் கையிலிருந்து கழிவதில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கவே நேரம் போய்விடும். அன்று சாயங்காலம் “உன் வேலை ஏன் முடியவில்லை?” என்ற கேள்வியும் அவருக்குத்தான் வரும். சீட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, கழிவுகளையும் தொழில்தருநர் பங்கையும் கோடு போட்டுப் பிரித்துவிட்டால் பாதிக் கேள்வி குறையும். மீதியை, மொழிபெயர்ப்பும் வேலைதான் என்று ஏற்று, அவருடைய வேலை நேரத்தில் எழுதிக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய மருந்து மேசை மாற்றம், அதாவது ஆட்களின் வேலையை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுப்பது. மோசடியைத் தடுக்கவென்று கணக்காய்வாளர்கள் எப்போதும் கேட்பதும் இதைத்தான் என்பதால், மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. எப்போது மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். சம்பளம் 10ஆந் திகதிக்குள். முந்தைய மாதச் சேமலாப நிதிப் பணம் மாதக் கடைசிக்குள். ஆகவே கைமாற்றத்துக்குத் தோதான நாட்கள் 12இலிருந்து 20 வரைதான். காலாண்டு முடிவில் மாற்றினால் இரண்டு மேசையும் சேர்ந்து கவிழும். ஒரே தடவையில் இரண்டு பேருக்கு மேல் மாற்றக்கூடாது. முதல் மாதம் புதியவர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிக்கொள்வார். இரண்டாம் மாதம் அவர் செய்ய, பழையவர் சரிபார்ப்பார். மூன்றாம் மாதம் தனியே. வங்கி இணக்கம் பழகுபவருக்குக் கொடுக்கல் வாங்கல் குறைந்த ஒரு கணக்கை முதலில் கொடுங்கள். ஆறு மாதம் கடந்தும் வங்கிக்குப் போகாத காசோலையை என்ன செய்வது என்று அதிலேயே கற்றுக்கொள்வார்.

அவசரத்தில் கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது கூடவே கூடாது. கணினியில் பழையவருக்கு இருந்த அனுமதியை நீக்க மறந்தால், பட்டியலைத் தயாரிப்பதும் அங்கீகரிப்பதும் ஒரே ஆள் கைக்குப் போகும். பிறகு ஏதாவது பிழைத்தால் பழி புதியவர் மேல் விழும். மேசை மாற்றமும் அதோடு நின்றுவிடும். பிரசவ லீவு 84 நாளுக்கும் இதே ஒழுங்குதான்: யார் பார்ப்பது, திரும்பி வருபவருக்கு அதே மேசை உண்டா என்பதை அவர் போகுமுன்பே எழுதிவைக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் ஒரு தப்புக்கணக்கு உண்டு. சிங்களம் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு அதை வேகமாக வாசிக்கவும் வரும் என்று நினைப்பது. கணக்காய்வு வினா சிங்களத்தில் கையெழுத்தாக வந்தால், விடை தெரிந்தவரும் வாய்மூடி இருப்பார். உயர்தரப் பரீட்சைக்கு ‘அட்டுறு செலவு’ (இன்னும் செலுத்தாத செலவு), ‘தொங்கற் கணக்கு’ (வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் கணக்கு) என்று படித்தவருக்கு ஆங்கிலச் சொல்லோடு அதைப் பொருத்திக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதை அறிவு குறைவென்று எடுத்துக்கொள்வது அநியாயம். அன்றாடம் புழங்கும் ஐம்பது அறுபது சொற்களை மூன்று மொழியிலும் ஒரே தாளில் அடித்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்டினால் போதும். அதை யூனிகோடில் அடியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். எழுத்துருவை மாற்றினால் குப்பை, எக்செல்லில் தமிழில் தேடினால் அகப்படாது.

நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். மார்ச் 31இல் கணக்கு முடிப்பவர்களுக்கு அடுத்த பதினைந்து நாளுக்குள் சித்திரைப் புத்தாண்டு. அது எல்லாருக்கும் பொதுவானதால் ஒழுங்கு தானாக அமைந்துவிடுகிறது. தீபாவளிக்கு அப்படி இல்லை. 2024இல் அது ஒக்டோபர் 31, சரியாக மாதக் கடைசி. தோட்டத்துக்கான தீபாவளி முற்பணப் பட்டியலைப் போடுவதும் தமிழ் மேசைதான். ஊருக்கெல்லாம் முற்பணம் போட்டுக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்கு முந்தின நாள் ராத்திரிதான் போய்ச் சேர்வார். பட்டியலை மூன்று வாரம் முன்பே மூடி, கடைசி இரண்டு நாள் வேலையை மற்றவர் ஏற்றால் தீரும். மாத முடிவில் இருட்டும்வரை வேலையென்றால் தோட்டத்துக்குப் போகும் பஸ் இருக்காது, மழை மூடினால் முச்சக்கரவண்டியும் ஏறாது. கூட்டத்தைப் பின்னேரம் நாலரைக்கு வைத்துவிட்டு, “இவர்களுக்கு அக்கறை இல்லை” என்று பேசுவதில் அர்த்தமில்லை.

கடைசியாகப் பெயர். சம்பள மென்பொருளில் ‘இறுதிப் பெயர்’ என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுவிட, மகளுக்குப் போகும் கடிதமெல்லாம் அப்பாவை விளிக்கும். ‘அடையாள அட்டையில் உள்ளபடி’, ‘அழைக்கும் பெயர்’ என்று இரண்டு கட்டம் வைத்தால் சரி. தொழிலாளர் பதிவில் இதன் விலை இன்னும் அதிகம். ஒரே பெண் பிறப்புப் பதிவில் லக்ஷ்மி, அடையாள அட்டையில் லெட்சுமி, தோட்டப் பதிவில் லெச்சிமி. 50 வயதில் சேமலாப நிதிப் பணத்தை எடுக்க ‘கே’ படிவம் நிரப்பும்போதுதான் அது வெளிவரும். அதன் பிறகு சத்தியக்கடதாசிக்கும் தொழில் காரியாலயத்துக்குமாக அலைச்சல். சேரும் அன்றே அடையாள அட்டையைக் கையில் வாங்கி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அதைச் செக்ரோல் மேசைக்காரர் மட்டுமல்ல, அங்கே மாறி வரும் எல்லாருமே செய்யலாம்.