நல்லா இருக்கிற டிவிக்குப் போர்டு மாற்றச் சொன்னார்கள்

டிவி வைஃபையைப் பிடிக்கவில்லை என்று சர்வீஸ் சென்டருக்கு போன் போடப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் உங்கள் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியை அதில் இணைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எங்கள் வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் இதைச் செய்யாமலே 8,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருச்சியில் அம்மா வீட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் மாற்றினோம். லைன் இழுத்தது, புது மோடம் வைத்தது, வேகம், எல்லாம் சரி. போன்கள் உடனே சேர்ந்துகொண்டன. டிவி மட்டும் சேரவில்லை. வைஃபை பெயர் திரையில் வருகிறது, சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி பாஸ்வேர்டு போட்டு முடித்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது.

இன்டர்நெட் கம்பெனியில் கேட்டால், “போன்ல வருதுல்ல சார், அப்போ எங்க பக்கம் பிரச்சினை இல்ல. டிவியைப் பாருங்க” என்றார்கள். டிவி கம்பெனியில் கேட்டால், முதலில் விசிட் சார்ஜ். வந்தவர் ரிமோட்டை வாங்கி, யாரையும் கேட்காமல் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டார். அம்மா லாகின் செய்து வைத்திருந்த ஆப்கள், வரிசைப்படுத்திய சேனல்கள் எல்லாம் போயின. அப்புறமும் இணையவில்லை என்றதும், “வைஃபை போயிடுச்சும்மா, போர்டோட சேர்ந்து வரும், முழுசா மாத்தணும்” என்று ஜாப் ஷீட்டில் ‘மெயின் போர்டு ஃபால்ட்’ என எழுதிக் கையெழுத்து கேட்டார். அம்மா போடவில்லை. “பையன் வந்து பார்க்கட்டும் தம்பி” என்று அனுப்பிவிட்டார்.

நான் போய் முதலில் ஹாட்ஸ்பாட்தான் போட்டேன். உடனே இணைந்தது. வைஃபை போய்விட்டதாகச் சொன்ன டிவி! வைஃபைக்கு 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. இதைச் செய்யும்போது ஹாட்ஸ்பாட்டை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வையுங்கள். விலை குறைந்த டிவிகள் பலவற்றுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரியாது. ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ இருக்கும், அதை ஆன் செய்தால் போதும். ஹாட்ஸ்பாட்டிலும் இணையாவிட்டால்தான் டிவி மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் பிளக்கைப் பிடுங்கி சில நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், போர்டு மாற்ற ஒப்புக்கொள்வதற்கு முன் “வைஃபை மாட்யூல் தனியா இருக்கா?” என்று கேளுங்கள். பல டிவிகளில் அது தனிச் சிறு கார்டு, அதை மட்டும் மாற்றலாம். மோடம் பக்கத்திலேயே இருந்தால் டிவியை ஒரு லேன் கேபிளால் நேராக மோடத்தில் இணைத்தாலே வேலை முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் காரணம் மோடத்தில் இருந்தது. கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர்கள் வைஃபை செக்யூரிட்டியை டபிள்யூபிஏ3 (வைஃபையைப் பூட்டும் முறையின் புதிய பதிப்பு) மட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது வெளிவந்ததே 2018-இல். எங்கள் டிவி 2017-இல் வாங்கியது. அதற்குத் தெரிந்தது முந்தைய பதிப்பான டபிள்யூபிஏ2 வரைதான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 முதல் பெரும்பாலான போன்களுக்குப் புதியது தெரியும் என்பதால் எங்கள் போன்களுக்குச் சிக்கலே வரவில்லை. “போன்ல வருதுல்ல” என்ற கஸ்டமர் கேர் வாதம் இங்கேதான் ஓட்டை.

மோடத்தின் செட்டிங்ஸைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டைத் தர கஸ்டமர் கேரில் மறுத்தார்கள். மோடத்தைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே செட்டிங்ஸ் பக்கத்தின் முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் இருக்கும். உள்ளே போய் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த மோடை வைத்தேன். டிவி இணைந்தது, ஆனால் விட்டு விட்டுப் போனது. அதனால் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்து, 2.4-க்கு வேறு பெயர் கொடுத்து ‘டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்’ என்ற ஆப்ஷனை மட்டும் வைத்தேன். போன்களுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 அப்படியே இருக்கிறது. டிவி இணையவில்லையே என்று பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து மட்டும் விடாதீர்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், வைஃபை ‘கனெக்டட்’, யூடியூப் ‘இன்டர்நெட் இல்லை’. ரீசெட் செய்ததில் டிவியின் தேதி 2017 ஜனவரிக்குப் போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால், வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கணக்குப் போட்டு டிவி எதையும் திறக்காது. தேதியைக் கையால் சரிசெய்தேன், அடுத்த நொடி படம் ஓடியது. வைஃபை இணைந்தும் நெட் வராதவர்கள் டிஎன்எஸ் (வெப்சைட் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் வசதி) செட்டிங்கை நோண்டுவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

விசிட் சார்ஜைத் திருப்பிக் கேட்டேன், தர முடியாது என்றார்கள். அம்மா கையெழுத்துப் போடாத அந்த ஜாப் ஷீட் நகலையும், அதே டிவி வைஃபையில் ஓடும் வீடியோவையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஜாப் ஷீட் நகலை எப்போதும் கேட்டு வாங்கி வையுங்கள். வாயால் சொன்னதை அவர்கள் மறுக்கலாம், எழுதிக் கொடுத்ததை மறுக்க முடியாது.