ஆல்ட்டவுசே: ஓவியங்களை ஒளித்து வைத்த உப்புச் சுரங்கம்

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் ஏரிக்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டு, அங்கேயே உள்ள உப்புச் சுரங்கத்தையும் பார்த்துவிட்டு, ‘நாஜிகள் ஓவியம் பதுக்கிய சுரங்கம் பார்த்தாயிற்று’ என்று திரும்புகிறவர்கள் உண்டு. அது வேறு சுரங்கம். நீங்கள் தேடும் ஆல்ட்டவுசே சுரங்கம் அதே ரயில் பாதையில் இன்னும் தள்ளி இருக்கிறது. வியன்னாவிலிருந்தோ சால்ஸ்பர்க்கிலிருந்தோ வந்தால் அட்னாங்-புக்ஹைமில் வண்டி மாறி, பாட் அவுசேயில் இறங்கி, ஆல்ட்டவுசேக்கு பஸ் பிடிக்க வேண்டும். சுரங்கம் ஊருக்கு மேலே, மலைச்சரிவில்.

உள்ளே வருடம் முழுக்க 7, 8 டிகிரிதான். ஆகஸ்ட் வெயிலிலும் ஸ்வெட்டர் வேண்டும். மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள். தொழிலாளர்கள் இறங்கிய மரச்சறுக்கில் நீங்களும் சறுக்கலாம். பயமாக இருந்தால் பக்கத்திலேயே படி.

ஓவியத்தை ஏன் சுரங்கத்தில் வைத்தார்கள்? பழைய ஓவியங்கள் பல மரப்பலகையில் தீட்டியவை. காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் பலகை உப்பிச் சுருங்கும், மேலே உள்ள வண்ணம் செதில் செதிலாக உரியும். இங்கே குளிரும் மாறாது, ஈரமும் அவ்வளவாக மாறாது. உப்புப் பாறை மிகையான ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குண்டுவீச்சும் எட்டாது. 1943-இல் ஆஸ்திரிய தேவாலயங்கள், அருங்காட்சியகங்களின் பொருட்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு தொடங்கியது. அடுத்த வருடம் லின்ஸ் நகரில் ஹிட்லர் கட்ட நினைத்த அருங்காட்சியகத்துக்காகச் சேர்த்த ஓவியங்கள் வந்து குவிந்தன. குகைகளுக்குள் மரத்தளம் போட்டு, அடுக்குச் சட்டங்கள் அடித்தார்கள். கடைசியில் ஓவியங்கள் மட்டும் சுமார் 6,500.

வந்த வழிகளைப் பாருங்கள். வான் ஐக் சகோதரர்கள் பல பலகைகளில் தீட்டிய கென்ட் பலிபீட ஓவியத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று பெல்ஜியம் பிரான்சின் பாவ் கோட்டைக்கு அனுப்பியிருந்தது. 1942-இல் ஜெர்மானியர்கள் அங்கிருந்து எடுத்துப் போனார்கள். மைக்கலாஞ்சலோவின் புரூஜ் மாதா சிலையை 1944 செப்டம்பரில், பின்வாங்கும் அவசரத்தில், மெத்தைகளில் சுருட்டி செஞ்சிலுவைச் சங்க லாரியில் ஏற்றினார்கள். வெர்மீரின் ‘வானியலாளர்’ பாரிஸின் ரோத்ஷீல்ட் குடும்பத்துடையது. அதன் பின்புறம் ஒரு சின்ன ஸ்வஸ்திகா முத்திரை குத்தியிருக்கிறது.

1945 ஏப்ரலில் அந்தப் பகுதியின் நாஜித் தலைவர் ஐக்ரூபர் 8 மரப்பெட்டிகளை உள்ளே அனுப்பினார். மேலே ‘கவனம், பளிங்கு, கவிழ்க்காதே’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் 500 கிலோ குண்டு. வெடித்திருந்தால் தண்ணீர் புகுந்து, உப்பு கரைந்து, சுரங்கமே போயிருக்கும். யார் காப்பாற்றினார்கள் என்று போருக்குப் பிறகு ஆளுக்கு ஆள் உரிமை கொண்டாடினார்கள். எங்கள் மதிப்பெண் தொழிலாளர்களுக்கே. கலையைவிட, சுரங்கம் அவர்களுக்குச் சோறு. ஆஸ்திரியரான நாஜிப் பெரும்புள்ளி கால்டன்புருன்னரிடம் சொல்லி அனுமதி வாங்கி, மே 3 இரவு பெட்டிகளை வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு யாரும் நுழையாதபடி சுரங்க வாய்களைத் தாங்களே வெடிவைத்து அடைத்தார்கள். அமெரிக்கப் படை வந்தது மே 8-இல். வழிகாட்டி காட்டும் குண்டுப் பெட்டியின் முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். சாதாரணச் சரக்குப் பெட்டி மாதிரிதான் இருக்கும்.

வெளியே எடுத்த வேலைதான் எங்களுக்குப் பிடித்த பகுதி. பொறுப்பேற்ற அமெரிக்கர் ஜார்ஜ் ஸ்டவுட், போருக்கு முன்பே ஓவியப் பாதுகாப்பு நிபுணர். ஜெர்மன் ராணுவத்தின் ஆட்டுத்தோல் கோட்டுகளையே பொதியாக்கினார். மாதா சிலையையும் அப்படிச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, சுரங்கத்தின் குட்டி வண்டியில் மெல்ல வெளியே இழுத்தார்கள். அங்கிருந்து மலைச்சாலை வழியாக, மீட்ட கலைப்பொருட்களைச் சேர்த்து வைத்த மியூனிக் மையத்துக்கு லாரி. சிலையும் பலிபீட ஓவியமும் கிளம்பியது 1945 ஜூலையில்.

சுற்றுலாவில் மீட்புக்கதை விரிவாக வரும், யாரிடம் பறித்தார்கள் என்பது சுருக்கமாகத்தான். அதற்கு பெல்ஜியமும் பாரிஸும் போக வேண்டும். சிலை புரூஜ் மாதா தேவாலயத்தில் இருக்கிறது. 1794-இல் பிரெஞ்சுப் படையும் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. ‘வானியலாளர்’ இப்போது லூவரில். பலிபீட ஓவியம் கென்ட்டில், புனித பாவோ பேராலயத்தில். அதன் கீழ்வரிசையில் இடது ஓரப் பலகை நகல். அதையும் நாஜிகள் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மூலம் 1934-லேயே திருடு போனது, இன்னும் கிடைக்கவில்லை.