பம்பை நிறுத்திய பிறகு எடுக்கும் அளவு

பெட்ரோலியம் கசிந்த ஆலை நிலத்தைச் சுத்தம் செய்ததாகச் சொல்லும் அறிக்கை எதுவாக இருந்தாலும், அதில் நான் முதலில் தேடுவது, நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் பம்புகளை நிறுத்திப் பல மாதங்கள் கழிந்த பின், மாசை அளக்கத் தோண்டிய கண்காணிப்புக் கிணறுகளில் எடுத்த அளவுகளைத்தான். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த மாதிரிகள் பெரும்பாலும் நல்ல செய்தியையே சொல்லும் என்பதால் அவற்றை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எண்ணெய் மண்ணுக்குள் நடந்துகொள்ளும் விதமே இந்த ஐயத்துக்குக் காரணம். பெட்ரோலும் டீசலும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை. ஆகவே கசிந்து இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் அங்கே பக்கவாட்டில் பரவுகின்றன. ஆனால் அங்கே அவை தனிப் படலமாக மிதப்பதில்லை. மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகளை நீரோடும் காற்றோடும் பங்கிட்டுக்கொள்கின்றன. பருவத்துக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும்போது எண்ணெயும் உடன் ஏறி இறங்கி, வழியெங்கும் மண்ணில் அப்பிக்கொள்கிறது. நீர்மட்டம் உயர்ந்திருக்கும் காலத்தில் கிணற்றில் எண்ணெயே தென்படாமல் போய், மட்டம் தாழ்ந்ததும் மீண்டும் தலைகாட்டுவது உண்டு. எவ்வளவு பிழிந்தாலும் துணியில் ஈரம் தங்கிவிடுவதுபோல, எவ்வளவு இறைத்தாலும் கணிசமான பங்கு இடுக்குகளில் சிக்கியே இருக்கும்.

சிக்கிய அந்த எண்ணெயிலிருந்து பென்சீன், டொலுயீன் போன்ற நச்சு வேதிப்பொருள்கள் நீரில் கரைந்துகொண்டே இருக்கின்றன. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அப்படியென்றால் ஒரே ஒரு கிராம் பென்சீன் ஒரு லட்சம் லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். நீரை இறைத்துச் சுத்திகரிக்கும்போது செறிவு குறைவதும், நிறுத்தியதும் மறுபடி ஏறுவதும் இதனால்தான்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி நகருக்கு அருகே 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் குழாய் உடைந்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அள்ளியும் எரித்தும் பெரும்பகுதியை அகற்றிய பிறகும் சுமார் 4 லட்சம் லிட்டர் நிலத்திலேயே தங்கிவிட்டது. ஆய்வாளர்கள் 1980களிலிருந்து அந்த இடத்தைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். கரைந்த மாசு, நிலத்தடி நீர் ஓடும் வேகத்தை வைத்து எதிர்பார்க்கக்கூடிய தொலைவுக்குப் பரவவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அதை வழியிலேயே தின்று தீர்த்துக்கொண்டிருந்தன.

அந்த நுண்ணுயிரிகளுக்குப் பெரும்பாலும் பற்றாமல் போவது உயிர்வளி (ஆக்சிஜன்). ஒரு கிராம் பென்சீன் முழுவதும் சிதைவதற்குச் சுமார் 3 கிராம் உயிர்வளி தேவை; நிலத்தடி நீரிலோ லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைந்திருந்தாலே அதிகம். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. இந்தக் கணக்கை வைத்துத்தான், நீர்மட்டத்துக்கு மேலுள்ள மணற்பாங்கான மண்ணில் மெதுவாகக் காற்றைச் செலுத்துவது பல இடங்களில் பம்பைவிடச் சிக்கனமான வழி என்று நான் கருதுகிறேன். களிமண்ணில் இது எடுபடாது, ஏனெனில் காற்று எளிதான பாதையைத் தேடிக்கொண்டு அழுக்கான பகுதியை விட்டு விலகிப் போய்விடும். மாசு ஆழமில்லாமல் ஓரிடத்தில் குவிந்திருந்தால் தோண்டி எடுத்துவிடுவதே மேல். (கசியும் தொட்டியை மூடாமல் இவற்றில் எதைச் செய்தாலும் பணம்தான் வீண்.)

எஞ்சியதை இயற்கையே சிதைத்துவிடும் என்று சொல்லும் திட்டங்களை நான் எதிர்ப்பதில்லை, ஆனால் அதற்குச் சான்று கேட்பேன். மாசு பரவிய பகுதிக்குள் உயிர்வளியும், அது தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் அதற்குப் பதிலாகப் பயன்படுத்தும் நைட்ரேட், சல்பேட் ஆகியவையும் குறைந்தும், அந்தச் சிதைவில் உண்டாகும் கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியும் இருந்தால், சிதைவு உண்மையிலேயே நடக்கிறது என்று ஏற்கலாம். அப்போதும், நீர் ஓடும் திசையில் குடிநீர்க் கிணறு இருந்தாலோ, பென்சீன் ஆவியும் மீத்தேனும் தரை வழியே புகக்கூடிய கட்டடம் மேலே இருந்தாலோ, காத்திருப்பதை மட்டுமே திட்டமாக ஏற்க முடியாது.