போய்விடும் மாஸ்டர்

"அடித்ததெல்லாம் போய்விடும் அல்லவா, தம்பி?"

"போய்விடும் மாஸ்டர்."

தன் நூலைத் திருத்தும்போது வேண்டாமென்று அடித்த வரிகளைப் பற்றித்தான் கேட்டார். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் அவர் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு இவ்வளவுதான். மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தபடியே பதில் சொன்னேன். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு பதில் வந்திருக்குமா என்று நான்கு வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அச்சுக்குப் போகும் பிரதியில் எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிட்டால், அடித்த வரிகள் அதில் இருக்காது. புத்தகத்தில் அவை இல்லை. ஆனால் எங்கள் காப்பகத்தில் ஒரு நூலுக்கு மூன்று கோப்புகள் வைப்பது என் வழக்கம். திருத்தம் எல்லாம் ஏற்றுச் சுத்தமாக்கி, நெடுங்காலம் பாதுகாப்பதற்கான பிடிஎஃப்-ஏ வடிவில் ஒன்று. அடித்ததும் சேர்த்ததும் ஓரக் குறிப்புகளும் கண்ணுக்குத் தெரியும்படி எடுத்த பிடிஎஃப் ஒன்று. ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் ட்ராக் சேஞ்சஸ் தடங்களோடு இருக்கும் வேர்ட் கோப்பு அப்படியே ஒன்று. மாஸ்டர் கேட்டபோது முதல் கோப்பை மனதில் வைத்துப் பதில் சொன்னேன். மற்ற இரண்டும் அப்போது நினைவில் இருந்தனவா என்று கேட்டால், இருந்தன.

ஏன் மூன்று என்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நானே நியாயம் செய்யாதவன் ஆவேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பாசனச் சங்கத்தின் விதிமுறை வரைவு கைக்கு வந்தது. யூனிகோடுக்கு முந்தைய முறையான வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்து, மூன்று பேர் மூன்று நிறத்தில் திருத்தியது. யூனிகோடுக்கு மாற்றினால்தான் நாளைக்கும் படிக்க முடியும் என்று, மொத்த எழுத்தையும் நகலெடுத்து எழுத்துரு மாற்றும் நிரலில் ஒட்டி, வந்ததைச் சேமித்துவிட்டேன். எழுத்துகள் பிழையில்லாமல் வந்தன. நிறங்கள் வரவில்லை. யார் எந்த வரியைச் சேர்த்தார், யார் எதை எதிர்த்தார் என்பது போயே போய்விட்டது. மூலக் கோப்பையும் இடம் அடைக்கிறதென்று அழித்திருந்தேன். சங்கத்தில் பிறகு தகராறு வந்தபோது இரண்டு தரப்பும் என்னிடம்தான் வந்தன. கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எதையும் அழிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மாஸ்டரின் நூல் எங்கள் பக்கத்து நீரைப் பற்றியது. சித்தூர்ப்புழை ஆறு, மூலத்தரைத் தடுப்பணை, கிளைவாய்க்கால்கள், முறைத் தண்ணீர். ஒரு இடத்தில் தட்டச்சில் 7.5 டிஎம்சி என்று விழுந்திருந்ததை அவர் 7.25 என்று திருத்தி, ஓரத்தில் '1970 ஒப்பந்தம், மணக்கடவு' என்று எழுதியிருந்தார். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தில் மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய நீரின் அளவு அது; ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. சுத்தமான பிரதியில் வெறும் 7.25 மட்டும் நிற்கிறது. தடமுள்ள கோப்பில்தான் ஒரு மனிதர் எண்பது வயதில் கால் டிஎம்சிக்காகப் பழைய தாள்களைத் தேடி எடுத்தது தெரிகிறது. இதைக் காப்பாற்றுவது என் கடமை என்று இன்றும் நினைக்கிறேன்.

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அவர் அடித்த பதினோரு வரிகளும் அதே கோப்பில்தான் இருக்கின்றன.

அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கோடை, இரவில் திறந்த ஒரு மடை, செய்யாத குற்றத்துக்கு ஊரைவிட்டுப் போன ஒருவர். திறந்தவர் யார் என்பது மாஸ்டருக்கு மிக நெருக்கமான செய்தி. இவ்வளவு சொன்னதே கூடுதல் என்று எழுதும்போதே படுகிறது. பக்கத்தில் அவர் வைத்த குறிப்பு ஒரே சொல்: 'வேண்டாம்.'

அந்தத் திண்ணைப் பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில், அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருந்தது நினைவுக்கு வந்தது. "இந்த ஓரத்தில் சிவப்பாக நிற்கிறதே, அது என்ன?" என்று கேட்டார். "நீங்கள் திருத்திய இடம் என்று காட்டுகிறது, மாஸ்டர்" என்றேன். அவர் பயன்படுத்தியது பேத்தியின் மடிக்கணினி. அதில் வேர்ட் எளிய காட்சியில் இருந்தது. 2013 பதிப்பிலிருந்து வந்த வசதி இது. அடித்த வரி திரையில் தெரியாது. ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் நிற்கும். அவர் கண்ணுக்கு அந்த வரிகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. அந்தக் கோடு மட்டுமே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. அதனால்தான் உறுதி கேட்டார். நானும் உறுதி கொடுத்தேன்.

அவருடைய பழைய நோட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. வேண்டாத வரியைப் பேனாவால் ஒரே கோடாக அடிப்பார்; அடியில் இருப்பதைப் படிக்கலாம். சில இடங்களில் மட்டும் தாளைச் சிறு பட்டையாக வெட்டி, பசை தடவி மேலே ஒட்டியிருப்பார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. அடிப்பதற்கும் மறைப்பதற்கும் அவரிடம் இரண்டு முறைகள் இருந்தன. கணினியில் அந்த வரிகளை நீக்கியபோது தான் பட்டை ஒட்டியதாகவே நினைத்திருப்பார். நோட்டில் ஒட்டிய ஒரு பட்டையைக்கூட நான் உரித்துப் பார்த்ததில்லை. அதே மனிதரின் பட்டை ஒட்டாத பிரதியை வேர்ட் கோப்பாக வாசகர் கையில் கொடுத்துவிட்டேன்.

மாஸ்டர் இறந்து இரண்டாம் வருடம் ஓர் ஆய்வு மாணவர் நீர்ப்பாசனத்துக்காக அந்தக் கோப்பைக் கேட்டார். கொடுத்தேன். கெட்டிக்காரப் பையன். வேர்ட் கோப்பு என்பது பல கோப்புகளைச் சுருக்கிச் சேர்த்த ஸிப் கட்டுதான் என்று அவருக்குத் தெரியும். பிரித்து உள்ளே எழுத்தும் குறியீடுகளுமாக இருக்கும் எக்ஸ்எம்எல் பக்கத்தை நிரல் எழுதிப் படித்திருக்கிறார். நீக்கிய ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் யார் நீக்கியது, எந்தத் தேதி, எந்த நேரம் என்று அதில் எழுதியிருக்கும். அவர் என்னிடம் காட்டிய தாளில், அந்தப் பதினோரு வரிகளை நீக்கியவர் என்று மாஸ்டரின் பேத்தி பெயர் இருந்தது. நேரம் அதிகாலை 2:20.

மாணவர் என்னைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கேட்டுவிட்டார். "தாத்தாவின் நூலில் இந்தப் பகுதியை நீங்கள் ஏன் நீக்கினீர்கள்?"

அந்தப் பிள்ளைக்கு அப்படியொரு பகுதி இருந்ததே அன்றுதான் தெரியும்.

வேர்ட் எழுதுவது மடிக்கணினியில் பதிந்திருக்கும் பயனர் பெயரைத்தான். விசைப்பலகைமேல் யார் விரல் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. நேரமும் தவறு. வேர்ட் கணினியின் உள்ளூர் நேரத்தை எழுதிவிட்டு, கடைசியில் உலகப் பொது நேரம் என்பதற்கான எழுத்தைச் சேர்த்துவிடுகிறது. மாணவரின் நிரல் அதை நம்பி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கிறது. கிழவர் அந்த வரிகளை நீக்கியது இரவு 8:50க்கு, சாப்பாட்டு நேரத்தில். தூக்கம் வராமல் நள்ளிரவு தாண்டி எழுந்து அழித்தார் என்று மாணவரின் கட்டுரை வரைவில் ஒரு வாக்கியம் வந்திருந்தது. அதை நீக்கச் சொன்னேன்; நீக்கிவிட்டார். எதைச் சாட்சி என்று காப்பாற்றினேனோ, அந்தச் சாட்சி பெயரையும் நேரத்தையும் மாற்றிச் சொல்லியிருக்கிறது. கோப்புக்குள் இருக்கும் பெயர்களையும் நேரங்களையும் துடைத்துவிடும் வசதி வேர்டிலேயே இருக்கிறது. யார் திருத்தினார் என்பதுதானே முக்கியம் என்று நான் அதைத் தொடவில்லை.

மாஸ்டரின் மகள் காப்பகத்துக்கு நேரில் வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"அண்ணா, அப்பா உங்களிடம் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் அன்று உள்வாசலில்தான் நின்றேன்."

"அச்சில் அது வரவில்லை அம்மா" என்றேன்.

"அச்சைப் பற்றி அவர் கேட்கவில்லை."

அந்தக் கோப்பை எடுத்துவிடச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. வாசகர் பார்வையிலிருந்து இரண்டு கோப்புகளையும் விலக்கி, குடும்பத்தின் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா? அனுமதி கேட்க வேண்டிய குடும்பம் ஒன்றுதானா? ஊரைவிட்டுப் போனவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர் பெயர் ஊரில் இன்றும் கெட்ட பெயராகவே வழங்குகிறது. அவர் குற்றமற்றவர் என்று எழுத்தில் சொல்வது, எனக்குத் தெரிந்து, அந்தப் பதினோரு வரிகள் மட்டுமே. அவற்றை எழுதியவரும் மாஸ்டர், அடித்தவரும் மாஸ்டர். முதல்முறை எழுதிய கையை நம்புவதா, அடித்த கையை நம்புவதா என்று பல இரவுகள் கிடந்து யோசித்திருக்கிறேன். சில நாள் கோப்பை வைத்தது சரி என்று உறுதியாகத் தோன்றும். உடனே மகளின் குரல் வரும்: அச்சைப் பற்றி அவர் கேட்கவில்லை.

இப்போது நூல் கொடுப்பவர்களிடம் ஒரு படிவம் வாங்குகிறேன். 'அடித்த வரிகளும் பாதுகாக்கப்படலாமா?' என்று அதில் ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். திரையில் எல்லாத் தடங்களையும் காட்டும் காட்சியை அவர்கள் முன்னாலேயே திறந்து, அடித்தது எல்லாம் இதோ இருக்கிறது என்று காட்டிய பிறகே கையெழுத்து வாங்குகிறேன். சென்ற மாதம் ஒரு அம்மா 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். அவர் போன பிறகு திருத்தங்களை ஏற்று, சுத்தமான பிரதியை மட்டும் வைத்து, மற்றதை அழித்தேன். அழிப்பதற்கு முன் அவர் அடித்த வரிகளை இரண்டு முறை படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது.

தை மாதம் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை வரும். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட செக்சம் என்ற எண் உண்டு; ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அது மாறிவிடும். எண் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய நூல்களுக்கும் படிவத்தைச் சேர்த்து வைக்கிறேன். மாஸ்டரின் பெயர் எழுதிய படிவத்தில் இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கின்றன. அவர் எதில் குறியிட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பேனாவை எடுத்து இரண்டு தடவை அந்தக் கட்டம் வரை போய் வந்துவிட்டேன்.