அம்மா நேர்ந்த நடை

வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடந்துபோகும் வழியில், கீழ்வேளூர் தாண்டும்போது வலது குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. ஆகஸ்ட் வெயில், தார்ச்சாலை. மாதா வண்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்த என் மகன் திரும்பி வந்து, "பஸ்ல ஏறிக்கலாம்மா, அம்மாயி ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான். அவனுக்கு அம்மாயி, எனக்கு அம்மா. சொல்லமாட்டாள்தான். இறந்து நான்கு வருடமாகிறது. ஆனால் நேர்த்தி அவள் வைத்தது.

2017 அக்டோபரில் இவனுக்கு டெங்கு. அப்போது ஐந்து வயது. பிளேட்லெட் 20,000-க்குக் கீழே இறங்கிய இரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையை எடுத்தேன். முதல் 'அருள் நிறைந்த மரியே'யைத் தாண்டி வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு மாதாமேல் கோபம். அம்மாதான் சுவரோரம் உட்கார்ந்து, பிள்ளை எழுந்து நடந்தால் தஞ்சாவூரிலிருந்து நடந்தே வந்து புடவை சாத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்தான். அப்புறம் அவளுக்கு முழங்கால் தேய்மானம், அதற்கப்புறம் கொரோனா, 2021-இல் அவளே இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்துருண்டை வாசனையோடு ஒரு நீலப் பட்டு. முந்தானையில் ஊக்கு குத்திய சீட்டில் 'வேளாங்கண்ணிக்கு' என்று அவள் கையெழுத்து.

அதைப் பார்த்த பிறகும் தள்ளித்தான் போட்டேன். ஒரு வார்த்தை ஜெபிக்காதவள் போய் நின்றால் அது கணக்கில் சேருமா என்று உள்ளுக்குள் ஒரு உறுத்தல்.

ஏறக்குறைய 90 கிலோமீட்டர், மூன்று பகல். முதல் இரவு நீடாமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம். குழுவில் வந்த பெரியவர் ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தை வாசித்தார். கப்பர்நாகூமில் வாசலில்கூட இடமில்லாத கூட்டம், முடக்குவாதக்காரரைத் தூக்கி வந்த நான்கு பேர், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கியது. ஞாயிறு மறைக்கல்வியிலேயே படித்த கதை. படுத்திருப்பவர் தனக்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? 'இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு' என்றுதான் மாற்கு எழுதுகிறார். அவர்களுடைய! படுத்திருப்பவரையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார் என்று பெரியவர் விளக்கினார். இருக்கட்டும். எனக்கு அன்று அந்த நான்கு பேர்தான் தெரிந்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிலில் கிடந்தவன் என் மகன் மட்டும் இல்லை, நானும்தான் என்று தோன்றியது. அம்மா ஒருத்தியே நாலு மூலையையும் பிடித்திருக்கிறாள். போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

(லூக்கா ஓடுகளைப் பிரித்தார்கள் என்கிறார், மாற்கு தோண்டினார்கள் என்கிறார். எப்படியானாலும் அந்த வீட்டுக்காரருக்கு மறுநாள் கூரை வேலை இருந்திருக்கும்.)

கொரடாச்சேரிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு அம்மா, பானை வைத்து நடைப்பயணிகளுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் கொடுக்கிறாராம். வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் கேட்ட கதையை எங்களுக்கே சொன்னார். சும்மா கேட்டுக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்தேன்.

28-ஆம் தேதி இரவு ஊருக்குள் நுழைந்தோம். மறுநாள் கொடியேற்றம். பேருந்து நிலையத்தருகிலேயே ரூம் புரோக்கர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சொன்ன வாடகையில் தஞ்சாவூரில் ஒரு மாதம் குடியிருக்கலாம். மெழுகுவர்த்திக்காரர் ஒருவர் கேட்காமலே கையில் திணித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தால் பாவம் என்றார். கடற்கரை மணலில் பாய் விரித்துப் படுத்தோம்.

விடியற்காலை வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பெண். முதுகிலேயே முழங்கை. கால் மணி நேரம் மரியாதையாகப் பொறுத்தேன். அதன் பிறகு வாய் ஜெபமாலை சொன்னது, மனசு அவளைத் திட்டிக்கொண்டிருந்தது. கப்பர்நாகூம் வீட்டில் உட்கார இடம் கிடைத்த மறைநூல் அறிஞர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை, உள்ளத்தில்தான் எண்ணினார்கள். அதையும் ஆண்டவர் கேட்டுவிட்டார். வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் முழங்கை வலித்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பீடத்தை நெருங்கும்போது அவள் என் தோளைத் தொட்டாள். "தங்கச்சி, மாமியாருக்கு மயக்கம் வருது, வெளிய கூட்டிட்டுப் போறேன். இதையும் சேத்து வெச்சிடும்மா." கையில் ஒரு வெள்ளித் தகடு, கால் உருவம். நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் என்னை முன்னால் தள்ளிவிட்டது.

அம்மா மாதிரி அழகாக ஜெபிக்கவேண்டும் என்று மூன்று நாளாக வார்த்தை கோத்து வைத்திருந்தேன். தாயைப் பார்த்ததும் ஒன்றும் இல்லை. தங்கச் சரிகைப் புடவையில், கையில் பாலனோடு, அவ்வளவு சின்ன உருவம். நீலப் பட்டின் மேல் அந்தத் தகட்டை வைத்து நீட்டினேன். "அம்மா வரல தாயே, நான்தான் வந்திருக்கேன்" என்று மட்டும் வந்தது. வாங்கியவர் அந்துருண்டை நெடிக்கு மூக்கைச் சுருக்கினார். "நகருங்க, நகருங்க" என்றார்கள். பத்து விநாடிகூட இருக்காது. தாயே, அது போதும். எட்டு வருடம் அடைத்துக்கொண்டிருந்தது திறந்துவிட்டது. மரியே வாழ்க! என் மகன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வரும்வரை எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

முழங்கால் நடைப் பாதை, மாதா குளத்துத் தண்ணீர், கொடியேற்றம் எல்லாம் அப்புறம்தான். எதுவும் சரியாக நினைவில்லை.

அந்தப் பெண்ணை வெளியே தேடினேன். தகடு சேர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லத்தான். கிடைக்கவில்லை. பெயர் கேட்கவில்லை, யாருடைய கால் என்றும் கேட்கவில்லை. இப்போது இரவு ஜெபமாலை உருட்டும்போது அதில் பத்து மணிகளை அந்தக் காலுக்காகச் சொல்கிறேன். "யாரும்மா அது?" என்று மகன் கேட்கிறான். தெரியாதுடா, நீயும் சொல்லு என்கிறேன்.