வவ்வால் புழுக்கையில் ப்ராஜெக்ட் செய்யப் போகிறீர்களா?

எம்.எஸ்சி. விலங்கியல் ப்ராஜெக்டுக்கு, பூச்சி தின்னும் வவ்வால்கள் என்ன சாப்பிடுகின்றன என்பதைப் புழுக்கையை வைத்துப் பார்த்தேன். கோவை, ஈரோடு பக்கம் இதே தலைப்பை எடுப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன்: புழுக்கைக்கு முன்னால் பூச்சியைச் சேகரியுங்கள்.

வவ்வால் நன்றாக மென்று தின்னும். மைக்ரோஸ்கோப்பில் தெரிவதெல்லாம் கால் துண்டு, இறக்கைக் கிழிசல், உணர்கொம்பின் கணு, அவ்வளவுதான். புழுக்கை எடுக்கப்போகும் தோட்டத்திலேயே ராத்திரி வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து, வரும் பூச்சிகளைப் பிடித்து உறுப்பு உறுப்பாக ஸ்லைடு போட்டு வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் கோவையிலேயே இருக்கிறது, ஒரு நடை போய் வாருங்கள்.

இடத்துக்குக் காடு வேண்டாம். சத்தியமங்கலம், ஆனைமலை என்று கிளம்பினால் வனத்துறை அனுமதி வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். கிணற்று வவ்வாலும் உதவாது, புழுக்கை தண்ணீருக்குப் போய்விடும். பூட்டிக் கிடக்கும் சாளை (தோட்டத்து வீடு), பழைய மண்டபம் போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். "புழுக்கையா கண்ணு? அள்ளிக்க, நாங்க தென்னைக்குத்தான் போடுவோம்" என்பார்கள்.

மாலையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து மறுநாள் எடுத்தால் எந்தத் தேதிப் புழுக்கை என்று நிச்சயமாகத் தெரியும். நாலு மூலையிலும் கல் வையுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஷீட் எம்மாத்திரம்! விரலால் நசுக்கினால் பொடிந்து பூச்சித் துணுக்குகள் மினுங்கினால் வவ்வால்; கெட்டியாக இருந்தால் எலி; நுனியில் வெள்ளை இருந்தால் பல்லி. கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். பழைய புழுக்கைத் தூசியிலுள்ள பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். கீழே விழுந்த வவ்வாலைத் தொடவே தொடாதீர்கள், ரேபிஸ் ஆபத்து உண்டு.

அப்புறம் ஆய்வகம். புழுக்கையை 70 சதவீத ஆல்கஹாலில் ஊறவைத்து, பெட்ரி டிஷ்ஷில் ஊசியால் மெதுவாகப் பிரியுங்கள். வண்டுகளின் கெட்டி ஓடு எளிதில் தெரியும். அந்துப்பூச்சிக்குச் செதில்தான் அடையாளம், ஆனால் ஒரு பூச்சியின் செதிலே எங்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை வைத்து அளவு சொல்லாதீர்கள். நடுவே முடி வந்தால் குழம்ப வேண்டாம், வவ்வால் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது விழுங்கியதுதான். வண்டு, நாவாய்ப்பூச்சி, ஈ என்று வரிசை (order) அளவில் நிறுத்திக்கொள்வதே நல்லது. கால் துண்டைப் பார்த்து இனப்பெயர் எழுதினால் வைவாவில் வசமாக மாட்டுவீர்கள்.

எத்தனை புழுக்கையில் இருந்தது என்பது வேறு, எவ்வளவு இருந்தது என்பது வேறு. இருபதில் பத்துப் புழுக்கையில் கொசு இருந்தால் அது 50 சதவீதம். கன அளவில் துளியாக இருக்கலாம். இரண்டு அட்டவணையும் போடுங்கள். மெல்லிய உடல் பூச்சிகள் செரித்துக் காணாமல் போவதையும் நீங்களே எழுதிவிடுங்கள், எப்படியும் கேட்பார்கள். மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் நாட்களில் முடிவு தலைகீழாகலாம். அதனால் ஒரே பருவத்தில் எடுத்திருந்தால் அந்த மாதங்களைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.