சேர் காட்டிய அரிஸ்டோட்டில்

எமது விலங்கியல் ஆசிரியர் மறைந்த செய்தி ரொறன்ரோவை எட்டிய இரவில், பழைய மாணவர்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டது பெரும்பாலும் அரிஸ்டோட்டிலைப் பற்றித்தான். உயர்தர வகுப்பில் அவரிடம் படித்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

மூன்று நாள் அடைகாத்த முட்டையைச் சேர் பீங்கான் கிண்ணத்தில் மெல்ல உடைத்து ஊற்றுவார். மஞ்சட்கருவின் மேல் குண்டூசித் தலையளவில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். "பிள்ளையள், இந்தத் துடிப்பை இருபத்துமூன்று நூற்றாண்டுக்கு முந்தியே கண்டு எழுதி வைச்ச மனுசன் அரிஸ்டோட்டில்" என்பார். தத்துவஞானி என்றால் கண்மூடிச் சிந்திப்பவர் என்றிருந்த எமக்கு, லெஸ்போஸ் தீவின் கடலேரிக் கரையில் மீனவர்களிடம் கேட்டும் உயிரினங்களை அறுத்துப் பார்த்தும் கற்ற ஒருவரை அவர் அறிமுகப்படுத்தினார். ஒருவகைச் சுறாவின் குட்டி தாயின் கருப்பையோடு கொடியால் இணைந்து வளர்கிறது என்று அரிஸ்டோட்டில் எழுதியிருந்தார். அது சரியென்பதை ஜேர்மன் அறிஞர் யொகான்னஸ் முல்லர் 1842 இல் வெளியிட்ட ஆய்வில் உறுதிசெய்தார். உயிரியல் மேதைகளான லின்னேயஸும் கூவியேயும் தமக்குத் தெய்வங்களாக இருந்தபோதிலும், அரிஸ்டோட்டிலின் முன் அவர்கள் பள்ளிச் சிறுவர்களே என்று டார்வின் தம் இறுதி ஆண்டான 1882 இல் ஒரு கடிதத்தில் எழுதியதைச் சொல்லும்போது சேரின் குரல் உயரும். மூளையை உடலைக் குளிர்விக்கும் உறுப்பென்று அரிஸ்டோட்டில் தவறாகக் கருதியதையும் அவர் மறைத்ததில்லை.

அரிஸ்டோட்டிலின் வாழ்க்கை வரலாறு அப்போது என் மனதில் ஆழப் பதியவில்லை. கி.மு. 384 இல் ஸ்டகிராவில் பிறந்து, 17 வயதில் ஏதென்ஸுக்கு வந்து, பிளேட்டோவின் அக்கடமியில் 20 ஆண்டுகள் இருந்தவர் அவர்; பின்னர் மக்கெடோனிய இளவரசர் அலெக்ஸாந்தருக்கு ஆசிரியராகி, கி.மு. 335 இல் ஏதென்ஸில் லைசியம் என்னும் கல்விக்கூடத்தை நிறுவினார். இருந்தும் அந்நகரில் அவர் கடைசிவரை வெளியூரவரே. நிலம் வாங்கும் உரிமைகூட அவருக்கு இல்லை. கி.மு. 323 இல் அலெக்ஸாந்தர் இறந்து மக்கெடோனியர் மீது வெறுப்பு மூண்டபோது, தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, தாயின் குடும்ப வீடிருந்த கல்கிஸுக்குச் சென்று மறு ஆண்டே இறந்தார். முன்பே இறந்த மனைவி பித்தியாஸின் எலும்புகளைத் தம் கல்லறையிலேயே வைக்குமாறு அவர் எழுதிய உயிலை, நானும் ஊரைவிட்டு வந்து, பெற்றோரின் இறுதிக்கிரியைக்குப் போக முடியாமற்போன பிறகே வாசித்தேன். சேர் ஊரிலேயே இருந்தார். பலமுறை கடிதத்தில் அழைத்தும் நான் போகவில்லை. அந்தத் துயரம் என்னுடன் இருக்கும்.

அரிஸ்டோட்டில் வெளியுலகுக்காக எழுதிய உரையாடல் நூல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. இன்று நாம் வாசிப்பவை பெரும்பாலும் கல்விக்கூடத்துப் பாடக் குறிப்புகளே. பின்வந்தோர் அவற்றைத் தொகுத்துப் பேணியதாலும், பாக்தாத்தில் அரபு மொழிக்குப் பெயர்த்ததாலும், ஸ்பெயினின் கொர்தோபா நகர அறிஞர் இப்னு ருஷ்து உரையெழுதியதாலும் அவை நிலைத்தன. சேரின் பாடக் குறிப்புகள் எழுதிய என் கொப்பிகள் 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வில் போய்விட்டன. யாரிடமாவது அவை எஞ்சியிருந்தால், பிரதியெடுத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். தொகுக்கும் வேலையை நான் செய்கிறேன்.